ஓடிக்கொண்டே வீடு மாறும் கணினிகள்

கூலாயைத் தாண்டி செடெனாக் பக்கம் போகிறவர்கள் அந்தப் பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை தரவு மையங்கள். புதிய மையங்களுக்கான அனுமதியை சிங்கப்பூர் 2019-இல் நிறுத்திவைத்து, 2022-இல்தான் தளர்த்தியது. அந்த இடைவெளியில் பல நிறுவனங்கள் ஜொகூர் பக்கம் திரும்பின. இவை இழுக்கும் மின்சாரமும் தண்ணீரும் இப்போது நம் வீட்டுப் பேச்சாகிவிட்டன.

ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும். ஒன்றில் வங்கிக் கணக்கு, இன்னொன்றில் கடையின் இணையதளம். வேலையே இல்லாத சர்வர்கூட, முழு வேலையின்போது இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை இழுக்கிறது என்று கூகுளின் லூயிஸ் பரோசோவும் ஊர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007-இல் எழுதினார்கள். அரைகுறையாக ஓடும் இரண்டு சர்வர்களின் வேலையை ஒன்றில் சேர்த்து, மற்றதை அணைத்தால் மின்சாரம் மிச்சம். அதைக் குளிரவைக்கும் செலவும் மிச்சம்.

ஆனால் உள்ளே ஓடும் வேலையை நிறுத்தாமல் எப்படி மாற்றுவது? அடுப்பில் சமையல் நடக்கும்போதே வீடு மாறுவது போலத்தான். முதலில் நினைவகம் முழுவதையும் புதிய சர்வருக்கு நகலெடுப்பார்கள். அதற்குள் மாறிய பகுதிகளை மறுபடி அனுப்புவார்கள். மிச்சம் கொஞ்சமானதும் ஒரு கணம் நிறுத்தி, கடைசிச் சாமானையும் ஏற்றிவிடுவார்கள். 2005-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று இப்படி ஒரு விளையாட்டு சர்வரை நகர்த்தியபோது, நின்ற நேரம் 60 மில்லி விநாடிதான்.

கணக்கு தப்பினால் சிக்கல். 64 ஜிகாபைட் நினைவகத்தை விநாடிக்கு 1.25 ஜிகாபைட் வேகத்தில் அனுப்ப 51 விநாடி ஆகும். அந்த நேரத்தில் விநாடிக்கு கால் ஜிகாபைட் மாறினால், அடுத்த சுற்று 10 விநாடி, அதற்கடுத்தது 2 விநாடி என்று சுருங்கும். விநாடிக்கு 1.25 ஜிகாபைட்டுக்கு மேல் மாறினால் வேலை முடியவே முடியாது, நெட்வொர்க்தான் திணறும். அப்போது கணினியின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், தரவைச் சுருக்கி அனுப்பலாம், அல்லது கூட்டம் குறைந்த நேரத்துக்குக் காத்திருக்கலாம். செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளை நேரடியாகப் பிடித்து ஓடும் கணினிகளை இப்படி நகர்த்துவது இன்னும் கடினம்.

நகர்த்தும் பொத்தானை யாரும் அழுத்தலாம். எதை, எப்போது, எங்கே நகர்த்துவது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களே தேவை. கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இரண்டு பழைய கணினிகளும் இலவசமாகக் கிடைக்கும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளும் போதும். விடுமுறையிலேயே செய்து பார்க்கட்டும். கூலாயில் வேலைக்கு நேர்முகத் தேர்வு வரும்போது, சொல்வதற்குச் சொந்த அனுபவம் இருக்கும்.