ஊர்ச்சட்டமும் ஊரார் மொழியும்

சட்டமன்ற மொழிக்காகவும் கல்விமொழிக்காகவும் முழங்கும் நாம், நகராட்சித் துணைவிதிகளைப் பற்றிக் கருதிப் பார்ப்பதே இல்லை. குப்பையை எங்குக் கொட்டுவது, சந்தையில் எங்குக் கடை விரிப்பது, ஆட்டை எங்கு அறுப்பது என்றெல்லாம் கட்டளையிட்டு, மீறியவனைத் தண்டிப்பதும் அத் துணைவிதியே. எளிய மகன் நாள்தோறும் முட்டிக்கொள்ளும் சட்டம் அதுதான்.

அத்தகைய விதி பிறப்பதற்கு நகர்மன்றத்தார் கைதூக்கினால் மட்டும் போதாது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டப்படி, வரைவை வெளியிட்டு, மறுப்புகளைக் கேட்டு, அரசின் ஒப்புதலையும் பெறல் வேண்டும். ஒப்புதல் பெறாதது வெற்றுத்தாளே. (நூறாண்டு கடந்த அச்சட்டம் நீங்கி, 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது.) இங்கிலாந்தின் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டமும், மன்றத்தின் பொதுப்பொறி இடப்பெறல் வேண்டும், ஒப்புதல் வேண்டுமுன் ஒரு மாதக் காலம் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி படியொன்றை வைத்தல் வேண்டும் என்கின்றது. அங்குள்ளவன் அதனைத் தன் தாய்மொழியிலேயே படித்துக்கொள்கிறான் என்பதை மறவற்க.

இம் முறைமைகளெல்லாம் வெள்ளையன் கற்பித்தவை என்று எண்ணற்க. பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும், உத்தரமேரூர் அவையார் குடவோலைத் தேர்தலுக்கு விதி செய்தனர். அரசனின் ஆணையோலை வந்தது. அரசன் விடுத்த அலுவலர் அவையில் உடனிருந்தார். எழுதியவன் தன் பெயரை இறுதியிற் பொறித்தான். எல்லாம் சுவரிலேயே வெட்டப்பட்டன. ஒப்புதலும் சான்றும் வெளியீடும் ஒருங்கே நிறைந்தன. அது மறையோதிய பார்ப்பனரும் நிலமுடையாரும் ஆண்ட அவையே. அக் கல்வெட்டில் வடசொற்கள் மண்டிக் கிடப்பதும் உண்மையே. எனினும் விதியைப் பூட்டிவைக்காமற் கல்லில் வெட்டினார்கள். அதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வெளியீடு வெறுஞ் சடங்கன்று. இராம்பூர் நகராட்சியின் நீர்வரியைச் சர்க்கரை ஆலையொன்று எதிர்த்த வழக்கு 1964இல் உச்சமுறைமன்றத்தில் முடிந்தது. உள்ளூர் இந்தி இதழில் வெளியிடுமாறு அம் மாநிலச் சட்டம் சொல்ல, நகராட்சியோ இந்தியில் எழுதிய அறிவிப்பை உருது இதழொன்றில் வெளியிட்டிருந்தது. வெளியிடுதல் கட்டாயம், எவ்விதழில் என்பதில் சற்று நெகிழலாம் என்று மன்றம் தீர்த்து, வரியை நிலைநிறுத்தியது. இந்தி பேசுவோர் தம் நகராட்சி அறிவிப்பு தம் மொழியில் வரவேண்டுமெனச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டனர் என்பதே நாம் இங்குக் காணவேண்டுவது.

நம் நிலை என்ன? 1956ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் இயற்றினோம். ஆனால் இந்திய அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு, நாடாளுமன்றம் வேறு வகை செய்யுங்காறும், மாநிலச் சட்டங்களின் கீழ்ப் பிறக்கும் துணைவிதிகளுக்குங்கூட ஆங்கிலப் பாடமே உரிமைப்பாடம் என்கின்றது. சட்டமன்றம் வேறொரு மொழியை வகுத்துக் கொண்டாலும், ஆளுநரின் அதிகாரத்தால் அரசிதழில் வரும் ஆங்கில மொழிபெயர்ப்பே ஆங்கிலத்தில் உரிமைப்பாடமாகக் கொள்ளப்படும். தண்டம் கட்டுபவன் தமிழன். அவனைத் தண்டிக்கும் சொல்லின் பொருளை முடிவுசெய்வது ஆங்கிலம்! பொறியும் ஒப்பமும் ஒப்புதலும் குறைவற இருந்தும், கட்டுப்படவேண்டியவனுக்கு அது விளங்காவிடின், அச் சான்றெல்லாம் யாருக்காக?

பிரிவைத் திருத்தும் போராட்டம் நெடியது, அது நடக்கட்டும். நகர்மன்றங்களில் அமர்ந்திருக்கும் நம் அன்பர்கள், வரைவு முதலில் தமிழிலேயே எழுதப்பெற்றுத் தமிழிலேயே தீர்மானமாக நிறைவேறவேண்டுமென வற்புறுத்துக. ஆங்கிலம் பின்னர் மொழிபெயர்ப்பாய் வரட்டும். மன்றத்திற்கு வெளியே உள்ளோர், வரைவு வெளியிடப்பெற்ற செய்தி அறிந்தவுடன் அலுவலகஞ் சென்று தமிழ்ப்படி கேளுங்கள். இல்லையென்று கைவிரித்தால், அதனையே முதல் மறுப்பாக எழுதிக் காலக்கெடுவுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்கி வாருங்கள்.