பள்ளத்து ஊருக்குக் கிடைத்த பரிசு

நமது ஊர்களில் உற்சவம் என்றால் என்னவென்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கொடி ஏறும், வாகனங்கள் புறப்படும், தேர் ஓடும், தீர்த்தவாரியுடன் முடியும். இவ்வளவிலும் சண்டை வருவதெல்லாம் ஒரே விஷயத்தில்தான்: முதல் மரியாதை யாருக்கு? ஸர்வதேசத் திரைப்பட விழா என்று சொல்லுகிறார்களே, அதுவும் ஏறக்குறைய இப்படிப்பட்டதுதான். தேருக்குப் பதிலாக வெள்ளித் திரை. மேளத்துக்குப் பதிலாகப் பத்திரிகைக்காரர்கள். முதல் மரியாதைச் சண்டை மட்டும் மாறுதல் இல்லாமல் அப்படியே இருக்கிறது.

அந்த மரியாதை ஒரு முறை இந்தியப் படம் ஒன்றுக்குக் கிடைத்தது. 1946-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில், கான் என்னும் கடற்கரைப் பட்டணத்தில் நடந்த விழாவில் கிடைத்தது. அப்போது இந்தியா சுதந்திர நாடு அல்ல. படத்தின் பெயர் 'நீச்சா நகர்'. தமிழில் 'பள்ளத்து ஊர்' என்று சொல்லிக்கொள்ளலாம். உலகம் மெச்சிய அந்தப் படத்தை அது பிறந்த நாட்டில் அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் மிகச் சிலர். இது எப்படி நேர்ந்தது என்பதையே இந்த வாரம் விசாரிக்க எண்ணுகிறோம். அதற்கு முதலில் அந்த விழா பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

திரைப்படங்களுக்கென்று பெரிய விழா எடுக்கும் வழக்கத்தை இத்தாலியர்களே ஆரம்பித்து வைத்தார்கள். 1932-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வெனிஸ் நகரத்தை அடுத்த லீடோ தீவில், ஒரு ஹோட்டலின் மாடி முற்றத்தில் முதல் விழா நடந்தது. ஆரம்பம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இத்தாலியை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் முஸோலினி. நாளடைவில் சிறந்த படத்துக்குக் கொடுக்கும் கோப்பைக்கே அவருடைய பெயரைச் சூட்டிவிட்டார்கள். கோப்பையில் பெயர் ஏறிய பிறகு தீர்ப்பிலும் அது ஏறாமல் இருக்குமா?

1937-ஆம் வருஷத்து வெனிஸ் விழா நமக்கும் சம்பந்தமுள்ளது. புனா பிரபாத் கம்பெனியார் எடுத்த 'ஸந்த் துகாராம்' என்ற மராத்திப் படம் அங்கே காட்டப்பட்டு விசேஷப் பாராட்டுப் பெற்றது. டாம்லே, பத்தேலால் என்ற இருவர் டைரக்ட் செய்து, விஷ்ணுபந்த் பாக்னீஸ் துகாராமாகவே வாழ்ந்து காட்டிய படம் அது. அதே விழாவில் பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் எடுத்த 'மகா மாயை' என்ற படமும் காட்டப்பட்டது. முதல் உலக யுத்தத்தில் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர்களின் கதை. எல்லைக் கோடுகள் மனிதன் போட்டவை, மனிதத் தன்மைக்கு எல்லை கிடையாது என்று சொன்ன படம். அந்தப் படத்துக்கு முஸோலினி கோப்பையைக் கொடுக்க மனம் வரவில்லை; வேறு ஒரு பரிசைக் கொடுத்துச் சமாளித்தார்கள். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அந்தப் படம் தடை செய்யப்பட்டது.

அடுத்த வருஷம், 1938-இல், குட்டு வெளிப்பட்டுவிட்டது. கோப்பை இரண்டு படங்களுக்குப் போயிற்று. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களைப் பற்றி ஹிட்லர் ஆட்சியின் ஆதரவோடு லேனி ரீபென்ஷ்டால் எடுத்த 'ஒலிம்பியா'. மற்றொன்று, 'லூச்சியானோ ஸெர்ரா' என்ற விமானியின் கதை. இதன் தயாரிப்பை மேற்பார்வை செய்தவர் முஸோலினியின் சொந்தப் புதல்வர் விட்டோரியோ! ஊர்ச் சங்கீதப் போட்டியில் மிராசுதார் தலைமை வகித்து, ஒரு தங்கப் பதக்கத்தைத் தம் பிள்ளைக்கும் மற்றொன்றைச் சம்பந்தி வீட்டுக்கும் கொடுத்தால் எப்படியிருக்கும்? வந்திருந்த வித்வான்கள் சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட மாட்டார்களா? பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய தேசங்களின் பிரதிநிதிகள் அதைத்தான் செய்தார்கள்.

பிரான்ஸின் பிரதிநிதியாகச் சென்றிருந்த பிலிப் எர்லாங்ஷே என்பவர் ரயிலில் ஊர் திரும்பும்போதே ஒரு யோசனை செய்தார். யாருடைய மிரட்டலுக்கும் பணியாத விழா ஒன்றைச் சுதந்திரமுள்ள நாட்டில் நடத்தினால் என்ன? கல்வி மந்திரி ழான் ஸே அதற்கு முழு ஆதரவு தந்தார். சினிமாவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான லூயி லுமியேர் தலைமை வகிப்பதாக ஏற்பாடாயிற்று. கான் பட்டணத்தில் 1939 செப்டம்பர் 1-ந் தேதி விழா ஆரம்பமாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து நட்சத்திரங்கள் கப்பலேறி வந்தார்கள். அதே செப்டம்பர் 1-ந் தேதி காலையில் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. இரண்டு நாளில் பிரான்ஸ் யுத்தப் பிரகடனம் செய்தது. விழாவாவது, விருந்தாவது!

மந்திரி ழான் ஸே அந்த விழாவைக் கண்ணால் பார்க்கவே இல்லை. பிரான்ஸ் தோற்றபின் வந்த ஆட்சியார் அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1944 ஜூன் மாதத்தில் அந்த ஆட்சியின் துணைப்படையினர் அவரைச் சிறையிலிருந்து வெளியே அழைத்துச் சென்று காட்டில் கொன்றார்கள். பல வருஷங்கள் கழித்து, 2015-ஆம் ஆண்டில், தேசத்தின் உத்தமர்கள் துயிலும் பாந்தேயோன் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். இன்று கான் விழாவில் கம்பளம் விரித்து நடப்பவர்களின் புகைப்படங்களைக் காணும்போதெல்லாம் இந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

யுத்தம் முடிந்தது. 1946 செப்டம்பர் 20-ந் தேதி, ஏழு வருஷம் தாமதமாக, கான் விழா ஆரம்பமாயிற்று. முடிவில் மகா பரிசு ஒரு படத்துக்கு அல்ல, பதினொரு படங்களுக்குக் கொடுக்கப்பட்டது! கல்யாண வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலம் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டார்கள் என்று சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லாமலில்லை. அப்போதுதான் சண்டை ஓய்ந்திருந்த உலகத்தில் எந்தத் தேசத்தின் மனத்தையும் புண்படுத்த யாருக்கும் தைரியம் இல்லை.

ஆனாலும் அந்தப் பதினொன்றின் ஜாபிதாவைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். இத்தாலியின் 'ரோமாபுரி, திறந்த நகரம்' அதில் இருக்கிறது. ஜெர்மானியரின் பிடியிலிருந்து ரோம் விடுபட்ட கொஞ்ச காலத்துக்குள்ளாகவே, பிலிமுக்கும் பணத்துக்கும் திண்டாடிக்கொண்டு ரோஸெல்லினி எடுத்த படம் அது. டென்மார்க்கின் படமும் செக்கோஸ்லோவாகியாவின் படமும் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்றவர்களின் கதைகள். ஸ்விட்ஸர்லாந்தின் படம் எல்லை தாண்டி ஓடிவந்த அகதிகளின் கதை. ருஷியப் படம் ஸ்டாலின்கிராட் யுத்தத்தைப் பற்றியது. முஸோலினி கோப்பைக்கு இவற்றில் ஒன்றாவது லாயக்காக இருந்திருக்குமா? அழுத கண்களைத் துடைத்துக்கொண்டு அவரவர் பட்ட பாட்டை அவரவர் சொல்லவந்த சபை அது.

அந்தச் சபையில் நமது தேசமும் வாய் திறந்தது. சேதன் ஆனந்த் டைரக்ட் செய்த முதல் படம் 'நீச்சா நகர்'. ருஷிய ஆசிரியர் கார்க்கியின் நாடகத்திலிருந்து தூண்டுதல் பெற்ற கதை. எழுதியவர்களில் க்வாஜா அஹமத் அப்பாஸ் ஒருவர். காமினி கௌஷல் திரையில் தோன்றிய முதல் படம் அது. சங்கீதம் அமைத்தவர் அப்போது இளைஞராயிருந்த ரவிசங்கர்.

கதை எளியது. மேட்டில் பணக்காரர் ஒருவர் இருக்கிறார். பள்ளத்தில் ஏழைகளின் ஊர் இருக்கிறது. பணக்காரர் தமது லாபத்துக்காகச் சாக்கடையைப் பள்ளத்து ஊரின் வழியாகத் திருப்பிவிடுகிறார். ஊரில் வியாதி பரவுகிறது. பிறகு அவரே ஒரு வைத்தியசாலையும் ஏற்படுத்துகிறார். நோயைக் கொடுத்தவர் கையால் மருந்தும்! ஊரார் சிலர் மயங்கிவிடுகிறார்கள். நோயில் விழுந்த ஒரு பெண் மட்டும், அந்த வைத்தியசாலையின் மருந்து எனக்கு வேண்டாம் என்று மறுத்து உயிரை விடுகிறாள்.

இந்தக் கதையில் வரும் பணக்காரரின் பெயர் 'ஸர்க்கார்'. அது எந்த ஸர்க்காரைக் குறிக்கிறது என்று 1946-இல் ஓர் இந்தியனுக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒத்துழையாமை என்றால் என்ன என்று இருபத்தைந்து வருஷமாகக் காந்திஜி தேசத்துக்குக் கற்பித்திருந்தார் அல்லவா? கான் விழா ஆரம்பமாவதற்குப் பதினெட்டு நாளைக்கு முன்புதான், செப்டம்பர் 2-ந் தேதி, நேருவின் தலைமையில் இடைக்கால அரசாங்கம் பதவி ஏற்றிருந்தது. பரிசு பெற்ற பதினொன்றில் டேவிட் லீன் எடுத்த பிரிட்டிஷ் படம் ஒன்றும் உண்டு. ஆண்டவருக்கும் ஆளப்பட்டவருக்கும் ஒரே பந்தியில், ஒரே இலை அளவில் பரிமாறினார்கள். தாம்பூலப் பரிசு என்று சிரித்தோமே, அந்தத் தாம்பூலத்துக்கு இப்படியும் ஒரு மதிப்பு இருந்தது.

இனி, துக்கமான பகுதி. இவ்வளவு கீர்த்தியுடன் வந்த படத்தை இந்தியாவில் வாங்கிக் காட்ட விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. ஊருக்கு ஊர் கொட்டகைகளில் ஓடும் பாக்கியம் அதற்குக் கிட்டவில்லை. இதைச் சொன்னால் பட முதலாளிகள் உடனே ஒரு பதில் சொல்வார்கள்: "நல்ல படம் என்றால் ஜனங்கள் வருவதில்லை, நாங்கள் என்ன செய்ய?" இந்தப் பதிலை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. வெனிஸ் நகரத்தார் பாராட்டிய அதே 'ஸந்த் துகாராம்' பம்பாயில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதைப் பார்த்து ஓடவைத்தவர்கள் ஜனங்கள்தாம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? துகாராமின் கதை மராத்தியர் வீடுகளில் எல்லாம் பாட்டியும் பேத்தியும் அறிந்த கதை. படத்தைப் பார்க்கும் முன்பே அவர்கள் அதற்குப் பழக்கப்பட்டிருந்தார்கள். பள்ளத்து ஊரின் கதையோ கண்ணெதிரே நடந்தும் யாரும் உட்கார்ந்து பார்த்துப் பழகாத கதை. பழகுவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்க வியாபாரம் மறுத்துவிட்டது. குறை ஜனங்களின் ருசியில் இல்லை. ருசி பார்க்க விடாததில் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

இதற்கு அத்தாட்சி ஆறு வருஷத்துக்குள் கிடைத்தது. 1952 ஜனவரி 24-ந் தேதி இந்தியாவின் முதல் ஸர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் ஆரம்பமாகி, சென்னை, டில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. அதில் டி ஸீகாவின் 'சைக்கிள் திருடர்கள்' என்ற இத்தாலியப் படம் வந்தது. வேலைக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுத்துவிட்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகத் தேடும் ஒரு தகப்பன். கதை அவ்வளவுதான். நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளி. அந்தப் படத்தைப் பார்த்த பிமல் ராய், 1953-இல் நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவில் ரிக்ஷா இழுக்கும் விவசாயியின் கதையை 'தோ பீகா ஜமீன்' என்று எடுத்தார். அது 1954-இல் கான் விழாவில் பரிசு பெற்றது. 1956-இல் ஸத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' அதே கான் நகரில் கௌரவிக்கப்பட்டது. அதற்கும் சங்கீதம் அதே ரவிசங்கர்!

தமிழ் நாட்டிலும் ஒரு விதை விழுந்தது. ஜப்பானியப் படமான 'ரஷோமோன்' ஒரு திரைப்பட விழாவில் காட்டப்பட்டதைப் பார்த்துத்தான் வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் ஒரு பாட்டுக்கூட இல்லாத 'அந்த நாள்' படத்தை எடுத்தார். வெளிவந்தபோது வசூல் போதவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்துக் கொண்டாடினார்கள். ருசி வந்தது, கொஞ்சம் தாமதமாக வந்தது.

2024-ஆம் ஆண்டில் பாயல் கபாடியா என்ற இளம் டைரக்டரின் படம் கான் விழாவில் மகா பரிசு பெற்றது. 1946-இல் முதல் பரிசாக இருந்த அந்தப் பெயர் இப்போது இரண்டாம் பரிசைக் குறிக்கிறது. பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் மலையாள நர்ஸுகளின் கதை அது. எழுபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகும் இந்தியாவிலிருந்து போய் மதிப்புப் பெற்றது பள்ளத்தில் வாழ்கிறவர்களின் கதையே.

வெளிநாட்டார் கொடுத்த பரிசைப் பத்திரிகையில் படித்து நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படவும் வேண்டும். ஆனால் பெருமைக்குக் காசு செலவில்லை. சீட்டு வாங்கத்தான் காசு வேண்டும். பெரிய நட்சத்திரங்கள் இல்லாத ஒரு நல்ல படம் உங்கள் ஊருக்கு வந்தால், விமரிசனங்கள் வரட்டும் என்று காத்திராமல், முதல் மூன்று நாளைக்குள் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிடும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நாலாம் நாள் அது கொட்டகையில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.