கண்ணீருக்கும் வெட்டுப்புள்ளியா?

பத்து இரவு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். வி.வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’. 2024இல் லண்டனில் பெண்களுக்கான புனைகதைப் பரிசு வாங்கிய நாவல். யாழ்ப்பாணத்துச் சசி, டொக்டராக வேண்டும் என்ற அவளுடைய ஆசை, அவளுடைய நான்கு சகோதரர்கள். 83 கலவரம் மூத்தவனைக் கொண்டுபோகிறது. புலிகள் இயக்கம் இன்னும் இருவரைக் கொண்டுபோகிறது. அவளோ மருத்துவ பீடத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அழுதேன். அழ அழ வயிறும் எரிந்தது. உலகம் பரிசு கொடுத்து அழுகிற இந்தக் கதை மன்னாரில் எங்கள் பேசாலையிலும் நடந்ததுதானே? அதை ஏன் ஒருவரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை? கேளாதவன் அந்நியன் என்றால் பொறுத்துக்கொள்வேன்.

2006 ஜூன் 17, சனிக்கிழமை. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டே மாதம். ஒன்பது நாள் முன்புதான் வங்காலையில் ஒரு குடும்பத்தையே, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு சேர்த்துக் கொன்றிருந்தார்கள். அன்று காலை கடலில் சண்டை. ஊர்ச்சனம் வெற்றி அன்னை ஆலயத்துக்குள் ஓடியது. நானும் ஓடினேன், இரசாயனவியல் கொப்பியோடு. கோயிலுக்குள் கைக்குண்டு விழுந்தது. ஒரு வயதான அம்மா செத்துப்போனார். காயப்பட்டவர்கள் எத்தனையோ பேர். கடற்கரையில் மீனவர்களைக் கொன்று போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்துதான் கொப்பியைப் பார்த்தேன். யாருடைய இரத்தமோ, ஆவர்த்தன அட்டவணை இருந்த தாளும் அடுத்த தாளும் ஒட்டிக் காய்ந்திருந்தன. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. அந்தக் கிழிசலை வைத்துத்தான் பரீட்சைக்குப் படித்தேன்.

“இஞ்ச நிண்டா உன்னைப் பிணமாத்தான் பாப்பன்” என்று அம்மா அண்ணாவைத் தமிழ்நாட்டுக்குப் படகேற்றினா. படகுக்காரன் மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். விடியும்வரை கடலுக்கு நடுவே அந்த மண்ணில் குந்தியிருந்தானாம். இன்றைக்கும் தமிழ்நாட்டில் ஒரு முகாமில்தான் இருக்கிறான். அம்மாவின் செத்தவீட்டைப் போனில் பார்த்தான்.

இதெல்லாம் கடந்து கம்பஸுக்குப் போனேன். எந்தக் கம்பஸ் என்பது வேண்டாம். முதல் கிழமை, பகிடிவதை.

“எவ்விடம்?”

“பேசாலை.”

“அதுதான் மீன் மணக்குது.”

சிரித்தார்கள்.

“இசட் எவ்வளவு?”

கம்பஸ் அனுமதிக்கான என் இசட் புள்ளியைச் சொன்னேன்.

“எங்கட பெடியன் இதைவிடக் கூட எடுத்திட்டு வீட்டில இருக்கிறான். அவன்ர இடத்தைத்தான் நீ திண்டிருக்கிறாய்.”

சொன்னவர்கள் சிங்களவர் இல்லை. என்னுடைய மொழி பேசுகிறவர்கள்.

1970களின் தொடக்கத்தில், மருத்துவத்துக்குச் சிங்களத்தில் எழுதியவருக்கு 400க்கு 229 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றார்கள். அந்த 21 புள்ளிக்காக ஒரு தலைமுறையே கொதித்தது. கொதித்தது நியாயம். பிறகு மாவட்டக் கோட்டா வந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் மன்னாரும் இருக்கிறது. அந்தக் கதவால்தான் நான் உள்ளே போனேன், மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறேன்: பௌதிகவியலுக்கு வாத்தியார் இல்லாமல் இரண்டு வருடம் படித்தது யார்? குண்டு விழுந்த கோயிலுக்குள் இருந்து எழும்பிப் பரீட்சை எழுதியது யார்? புள்ளியால் அடிபட்ட சனத்துக்கு, அதே புள்ளியை எடுத்து எனக்கு எறிய எப்படிக் கை வந்தது?

ஓம், மணக்கும். நெத்தலியும் சாளையும் காயவைத்து விற்ற காசில்தான் அம்மா எனக்கு ரியூஷன் காசு கட்டினா. அந்தக் கருவாட்டை உங்கள் குசினியில் பொரிக்கும்போது மணக்கவில்லையோ?

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் சனத்தைப் புலிகள் துரத்தினார்கள். உடுத்த உடுப்போடு கடலால் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். எனக்கு அப்போது மூன்று வயது. “நாங்கள் என்னம்மா செய்தனாங்கள்?” என்று பின்னாளில் கேட்டபோதெல்லாம் அம்மா பேச்சை மாற்றிவிடுவா. அடிபட்டவனுக்குத் தன் காயம்தான் பெரிது. மற்றவனுடைய காயத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி போட்டு வெளியே நிறுத்திவிடுகிறான்.

இப்போது நான் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்திக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறது. போவதற்கு முதல்நாள் வந்து கேட்டாள்: “மிஸ், எந்த ஊர் எண்டு கேட்டா, மன்னார் எண்டு மட்டும் சொல்லட்டா?”

எனக்கு உடனே வாய் திறக்க முடியவில்லை. நான் செய்ததும் அதுதான். முதல் கிழமைக்குப் பிறகு நான்கு வருடமும் “மன்னார்” என்று சொல்லி மிச்சத்தை விழுங்கினேன்.

விழுங்காதே, பிள்ளை. அது உள்ளே இறங்காது. எனக்கு இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.