ஏட்டில் எழுந்த நகரம்

அரிய நூலெனப் பெயர் பெற்றதொன்றைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பூட்டிவிடுதல் உலக வழக்கம். அதன் விலை ஏறும். அதனைப் பயில்வோர் தொகையோ குறையும். 1804-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் வெளிவந்த பெருநூலொன்றுக்கு இக்கதி நேர்ந்துளதென யாம் வருந்துகின்றோம். கலை, ஒழுக்கம், சட்டம் என்னும் மூன்றனோடும் இயைத்துக் கட்டடக் கலையை ஆராய்வது அந்நூல். 125 செப்புத்தகட்டுச் சித்திரங்களை உடையது. இயற்றியவர் கிளாட் நிக்கொலா லெது என்னும் பிரெஞ்சுச் சிற்பி. மறுபதிப்புகள் பின்னர் வந்துளவெனினும், படங்களைக் கண்டு வியப்பாரே பலர். அவை கூறும் வாழ்வை ஆராய்வார் சிலரே.

லெது அரசரின் ஆணைப்படி 1775 முதல் 1779 வரை ஆர்க்-எ-செனான் என்னுமிடத்தில் உப்பளம் ஒன்றமைத்தார். உப்புநீர் ஊறியதோ சாலென் என்னும் ஊரில். ஆயின் அதனைக் காய்ச்சுதற்கு வேண்டும் விறகு ஷோ என்னும் காட்டில் இருந்தது. ஆதலின் இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு மரக்குழாய்களின் வழியே உப்புநீரைக் காட்டருகே கொணர்ந்தனர். கட்டடங்கள் அரைவட்டமாய் நின்றன. தொழிலாளர் மனைகளின் நடுவே பொது அடுப்பும், பின்புறம் காய்கறித் தோட்டமும் இருந்தன. உப்புக் காய்ச்சும் ஏழைக்கும் தூண் நிறுத்திய சிற்பியின் கையே வீடு வகுத்ததென்பது சிறிய செய்தியன்று.

1793-இல், புரட்சிக் காலத்தே, லெது சிறைப்பட்டார். பாரிஸைச் சூழ எழுந்த வரிமதிலின் வாயில்களை அமைத்தவர் அவரேயாதலின், மக்கள் அவரை விரும்பாமையில் வியப்பில்லை. பணியிழந்த அவர் ஏட்டிலே கட்டினார். அரைவட்டம் ஏட்டில் முழு நீள்வட்டமாயிற்று. அதனைச் சூழ ஷோ என்னும் இலட்சிய நகரம் எழுந்தது. ஆற்றைக் காப்போனது மனையின் நடுவே ஆறே பாய்ந்தோடுகின்றது. விறகுவெட்டியின் குடில் அடுக்கிய மரக்கட்டைகளாலாயது. இடுகாடோ மண்ணுட் புதைந்த கோளம். குழந்தையின் விளையாட்டுப் போன்ற இவ்வுருவங்களை யாமும் மகிழ்ந்தே நோக்கினோம்.

ஆயினும் அந்நகரின் நடுவில் நிற்பது யாது? மேலதிகாரியின் மாளிகை. அதன் முகட்டிலே கண்போலும் வட்டப் பலகணி ஒன்று, வழிபாட்டுக்கூடமும் அதனுள்ளேதான். உப்பு களவு போகாதிருத்தற்பொருட்டுச் சுற்றிலும் மதில். இவற்றை வரைந்த கை அங்கு வாழ்வோரை ஒருமுறையேனும் வினவியதாகத் தோன்றவில்லை. லெதுவைப் பொதுமக்கள் நலத்தின் முன்னோடியெனப் போற்றுவார்க்கு யாம் முற்றும் உடன்படோம். கொடுங்கோலரின் ஏவலாளெனத் தள்ளுவாரோடும் உடன்படோம். ஏழையை வட்டத்துள் சேர்த்தவரும் அவரே, அவனை நடுவிலிருந்து நோக்கும் கண்ணை வைத்தவரும் அவரே. ஊரமைப்புப் பயிலும் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே காணுதற்கு இதனினும் தக்க நூல் யாமறியோம்.

உப்பளம் 1895-இல் தொழில் நின்று, 1982 முதல் உலக மரபுச் சின்னமாய்க் காக்கப்படுகின்றது. எமது உள்ளம் மீண்டும் மீண்டும் செல்வதோ அந்நூலின் வேறொரு சித்திரத்தின்பால். ஏழையின் புகலிடம் என்பது அதன் பெயர். நீர்க்கரையில் ஒரு மரம். அதனடியில் ஆடையின்றி அமர்ந்த ஒருவன். மேலே முகிலிடைத் தேவர் குழாம். அப்படத்தில் கட்டடம் யாதுமில்லை.