கோட்டுக்கும் ஒரு முகூர்த்தம்!

மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்னால் அட்வான்ஸ் கொடுக்கிறோம். ஜாங்கிரியா, மைசூர்பாகா என்று சமையல்காரரோடு நாலு தடவை மாநாடு நடக்கிறது. மாப்பிள்ளையின் கோட்டு மட்டும் கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் எந்த ரிசப்ஷனுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தோள் தொங்க, விரல் நுனி வரை கை மூடின ஒரு கோட்டு மேடையில் நிற்கும். உள்ளே எங்கேயோ மாப்பிள்ளை இருப்பார்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, சார். கோட்டு யார் செலவு என்பதுதான். பெண்ணுக்குக் கூறைப் புடவை பிள்ளை வீட்டார், மாப்பிள்ளைக்குக் கோட்டு பெண் வீட்டார் என்று பல குடும்பங்களில் வழக்கம். மாமனார் பி.எஃப். பணம் வரட்டும் என்று காத்திருக்கிறார். மாப்பிள்ளையோ, கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று வாயைத் திறப்பதில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டிலிருந்தும் ஒன்பது பேர் கடைக்குக் கிளம்புகிறார்கள். மச்சான் "மெரூன்தான் கெத்து" என்கிறான். அத்தை "மினுமினுன்னு ஏதாவது காட்டுப்பா" என்கிறாள். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கிற மாமனாரின் முகத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

நீங்கள் பாருங்கள். "மாமா, கோட்டு நானே எடுத்துக்கறேன்" என்று நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிடுங்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். கோட்டு அதில் சேருமா, சேராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். உங்கள் பணம் என்றால் தேதியும் உங்கள் கையில், கலரும் உங்கள் கையில்.

தேதிக்கு வருவோம். தை மாதக் கல்யாணமா? கார்த்திகையிலேயே அளவு கொடுங்கள். தீபாவளி அமர்க்களம் முடிந்து டெய்லருக்கு அப்போதுதான் மூச்சு வந்திருக்கும். ஆவணிக் கல்யாணம் என்றால் ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்துவிடலாம். ஆடியில் கல்யாணத் துணி எடுக்கலாமா என்று பாட்டி கேட்பார். கோட்டைப் பற்றி சாஸ்திரத்தில் ஒரு வரியும் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ரெடிமேடா, தைப்பதா? பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ரெடிமேட் உடைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன்னால் 12. துணியாக வாங்கினால் 5 சதவீதம்தான். 58 அங்குல அகலத்தில் சுமார் மூன்றேகால் மீட்டர் இருந்தால் கோட்டும் பேண்ட்டும் ஆகிவிடும். தையல் கூலி தனி. அது சில இடத்தில் துணி விலையைத் தாண்டும் என்பதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

துணியை தி.நகரில் எடுங்கள், தப்பில்லை. தைக்க மட்டும் வீட்டுப் பக்கத்திலேயே கொடுங்கள். கோட்டு என்பது அளவு, ட்ரயல், டெலிவரி என்று குறைந்தது மூன்று நடை. தாம்பரத்திலிருந்து மாம்பலம் பத்தாவது ஸ்டேஷன். சாயங்காலம் ஆறரை மணி ரயிலில் இஸ்திரி போட்ட கோட்டை ஹேங்கரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு கிண்டியைத் தாண்டிப் பாருங்கள்... பல்லாவரம் வரும்போது ஹேங்கர்தான் கையில் இருக்கும்.

ட்ரயலுக்கு முன் ஷூ வாங்கிவிட வேண்டும். செருப்போடு போய் நின்றால் பேண்ட் நீளம் தப்பாகும். முதலில் தோளைப் பாருங்கள். கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோள் தப்பானால் கோட்டையே பிரிக்க வேண்டும். சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். இடுப்பில் உள்பக்கம் ஒன்றரை அங்குலமாவது துணி விடச் சொல்லுங்கள். பத்திரிகை வைக்கப் போகிற வீட்டிலெல்லாம் கேசரி தருவார்கள்.

கலர் கருநீலமோ, அடர்ந்த சாம்பலோ. பேண்ட்டைத் தனியாக ஆபீசுக்குப் போடலாம்; கோட்டு அடுத்த இன்டர்வியூவுக்கு ஆகும். மெரூன் வெல்வெட்டைப் போட்டுக்கொண்டு எந்த மேனேஜர் முன்னால் உட்காருவீர்கள்? அதுதான் ஆசை என்றால் வாடகைக்கு எடுங்கள், கேவலம் ஒன்றுமில்லை. இன்னொன்று, மாலை. தண்ணீர் தெளித்து வருகிற ரோஜா மாலை வெளிர் நிறக் கோட்டில் திட்டுத் திட்டாகக் கறை வைக்கும். ஈரத்தை உதறிவிட்டுப் போடச் சொல்ல ஒரு தோழனை நியமியுங்கள்.

போடுகிற அன்று கைப்பக்கம் கம்பெனிப் பெயர் தைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். பின்னால் வெட்டுப் போட்ட இடத்தில் பெருக்கல் குறி மாதிரி வெள்ளை நூல் இருக்கும், அதையும். அது டிசைன் இல்லை. கடையில் மடங்காமலிருக்கப் போட்டது. கடைசி பட்டனைப் போடாதீர்கள். அது போடாமல் விடுவதற்கென்றே வைத்த பட்டன்.

மறுநாள் காலை வேட்டி. அதற்குச் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை கிளப் ஒன்றில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. ஆகஸ்டில் சட்டசபையில் சட்டமே போட்டுவிட்டார்கள். ஆனால், இடுப்பில் அது நிற்பதற்கு எந்தச் சட்டமும் உத்தரவாதம் தரவில்லை. ஹோமப் புகையில் மூன்று சுற்று வர வேண்டும். ஷூ வாங்குகிற அன்றே ஒரு பெல்ட்டும் வாங்கிவிடுங்கள்.