காணாத நண்பர்

நேரில் ஒரு நாளேனும் பார்த்தறியாத ஒருவரை நண்பர் என்று சொல்லிக்கொள்வது முறையா என்று நேயர்கள் கேட்கலாம். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்த்துப் பழகியா நட்புக் கொண்டார்கள்? அந்தத் துணிவிலேதான் சித்திரக்காரர் சில்பி அவர்களை நாம் நண்பர் என்று சொல்லி வருகிறோம். 1983-ல் அவர் காலமானபோது நாம் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. ஆயினும் அவருக்கு நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம். ஒரு பிழையும் செய்திருக்கிறோம். சென்ற மாதம் செண்பகத்தோப்பில் அந்தப் பிழை நம் எதிரே வந்து நின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்பை இப்பக்கத்து அன்பர்கள் நன்கு அறிவார்கள். காட்டழகரைத் தரிசிக்கப் போகும் வழி அது. அங்குள்ள சாம்பல் நிற மலையணிலைக் காப்பதற்காகவே 1988-ல் அந்தக் காடு சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. வனத்துறையாரின் அனுமதி பெற்று, நம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம்.

ஓர் உயர்ந்த மரத்தின் உச்சியில் அந்த அணில் தென்பட்டது. அவ்வளவுதான்! நாமும் உடன் வந்த ஆசிரியர்களும் கைப்பேசிகளை நீட்டினோம். நமக்கு அகப்பட்டவை நாலு இலைகளும் ஒரு நிழலுமே. பிள்ளைகளில் ஒருவன் மட்டும் ஒரு பாறைமேல் அமர்ந்து, நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தோம். அணிலின் உடல் சரியாக அமையவில்லை. வால் மட்டும் உடலின் நீளத்துக்குக் குறையாமல், கிளைக்குக் கீழே அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் மரக்கிளைகளை ஒன்றோடொன்று பின்னிப் பின்னி வரைந்திருந்தான்.

"கிளைகளை ஏனப்பா இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டோம்.

"மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கிட்டுத்தானே சார் இருக்கு? அதனாலதான் அது கீழே இறங்கவே இல்லை" என்றான்.

நாம் வாயடைத்துப் போனோம். மரங்களின் முடிகள் இடைவெளியின்றிக் கூடியிருக்கும் காடுதான் அந்த அணிலுக்கு வீடு. கூடு கட்டுவதும், பருந்துக்குத் தப்பித் தாவுவதும் அந்தக் கிளைவழியாகவே. காட்டியல் நூல்கள் சொல்லும் இவ்விஷயத்தைப் பையன் ஒரு பென்சிலைக்கொண்டு கண்டுபிடித்துவிட்டான். வரைகிறவன் பார்த்தே ஆகவேண்டும். வரையாதவனோ பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டு போய்விடலாம். சில்பி அவர்களின் நினைவு நமக்கு வந்தது அப்போதுதான்.

அவர் இயற்பெயர் ஸ்ரீநிவாசன். 1919-ல் நாமக்கல்லில் பிறந்தவர். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்களுக்கு நடைப் பாட்டு எழுதித் தந்த நாமக்கல் கவிஞர் தாமும் ஒரு சித்திரக்காரர் அல்லவா? அவரே இந்த இளைஞரின் கைத்திறனைக் கண்டு, சென்னை ஓவியப் பள்ளியில் சேரும்படி சொன்னவர். அங்கே தலைவராக இருந்தவர், பிற்காலத்தில் சென்னைக் கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌதுரி. படிப்பு முடிந்ததும் ஸ்ரீநிவாசன் ஆனந்த விகடனுக்கு வந்தார். 'சில்பி' என்று அவருக்குப் பெயர் சூட்டியவர் அங்கே சித்திரக் கலையின் ஆசானாக விளங்கிய மாலி அவர்கள். பெயர் வைத்த வேளை, உளி எடுக்காத அவர் பேனாவினாலேயே சிற்பியானார்.

நாற்பதுகளின் இறுதியில் தொடங்கி, 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் வாரந்தோறும் ஒரு கோயிற் சிற்பம் அவர் கையால் வெளிவந்தது. அதற்கு விளக்கம் எழுதியவர் தேவன் அவர்கள். சுதந்திரம் பெற்ற தேசத்துக்குத் தன்னிடம் இருப்பது இன்னதென்று தெரியவேண்டாமா? இருட்டு மண்டபத்துத் தூண்களில் எண்ணெய்ப் பிசுக்கின் கீழ் மறைந்திருந்ததை, சில்பி வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சிலையின் எதிரே அமர்ந்து, விரல் மடிந்த விதத்தையும் ஆபரணத்தின் மணிகளையும் ஒன்றுவிடாமல் பார்த்து வரைந்தார். கற்பனையால் அழகு கூட்டவில்லை. கல்லில் இருந்ததற்கு உண்மையாக இருந்தார்.

இத்தனை சிரத்தையும் எதன்மேல் வந்தது? மலிவான காகிதத்தின்மேல். மரக்கூழ்க் காகிதம் வெயிலும் காற்றும் பட்டால் சில வருஷங்களில் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். அதற்கு முன்பே அது மளிகைக் கடையில் பொட்டலமாகிவிடும். கான்வாஸ் ஓவியம் சுவரில் நூறாண்டு இருக்கும். பத்திரிகைச் சித்திரத்துக்கு ஆயுள் ஏழு நாள். இதை அறிந்தும் அவர் ஒரு மணியையும் குறைத்து வரையவில்லை என்பதே நாம் அவரிடம் கண்ட பெருமை.

இனி நம் பிழையைச் சொல்லிவிடுகிறோம். நம் தந்தையார் சிறுவனாக இருந்தபோதே அந்தப் பக்கங்களைக் கத்தரித்து, சணல் நூலால் தைத்து வைத்திருந்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியுமுன் நாம் பார்த்துப் பழகிய புத்தகம் அதுதான். தந்தையார் மறைந்தபின் வீடு மாற்றிய அவசரத்தில், பழைய பேப்பர்காரரின் தராசில் மற்றக் கட்டுகளோடு அதையும் வைத்துவிட்டோம். எடை மூன்று கிலோ. பட்டம் பெற்ற ஆசிரியர் செய்த காரியம் இது! பெட்டி ஒன்றின் அடியில் விரித்திருந்த ஒரே ஒரு தாள் மட்டும் பின்னர் கிடைத்தது. அதன் கீழ்ப்பகுதி கிழிந்து, ஊர்ப் பெயர் போய்விட்டது. எந்தக் கோயில் என்று இன்றும் நமக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தேவியின் சுண்டுவிரல் எப்படி வளைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியும்.

சில்பியின் சித்திரங்களை விகடன் பிரசுரத்தார் பின்னாளில் புத்தகமாக வெளியிட்டார்கள். அதனால் நம் பிழை சிறிதாகிவிடாது. புத்தகமாகும் பாக்கியம் வாய்க்காத பத்திரிகைச் சித்திரக்காரர் எத்தனையோ பேர்! அவர்கள் கைவேலை இன்றும் சில வீட்டுப் பரண்களில்தான் இருக்கிறது. பழைய கட்டுகளை எடைக்குப் போடுமுன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள் என்று இல்லத்தாரை வேண்டிக்கொள்கிறோம்.

செண்பகத்தோப்பிலிருந்து திரும்பிய மறுநாள், மிஞ்சியிருந்த அந்தத் தாளைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று அந்தப் பையனிடம் காட்டினோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இவர் இப்போ எங்கே சார் இருக்கார்?" என்று கேட்டான். அவன் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "பார்த்து வரை" என்று மட்டும் சொன்னோம்.