ஈரத்தைக் கழித்துவிட முடியுமா?

இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுச் செயல்திட்டக் கண்காட்சிகளில், ஆர்டுவினோ பலகையோடு இணைக்கப்பட்ட எம்.க்யூ.-135 என்னும் மலிவான வாயு உணரியைக் காணாமல் திரும்புவது கடினம். திரையில் ‘காற்றின் தரம்’ என்று ஓர் எண் ஓடும். பல அறிக்கைகளில் அதே எண் கார்பன் டை ஆக்சைடின் அளவாகவும் உருமாறிவிடும். அதில் வாயு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கேட்கும் தேர்வாளர் அரிது.

உணரியின் உள்ளே இருப்பது வெள்ளீய ஆக்சைடு. சூடேற்றப்பட்ட அதன் துகள்களின்மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது; மின்தடை உயர்கிறது. அம்மோனியாவோ ஆல்கஹால் ஆவியோ வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிகிறது, எலக்ட்ரான்கள் திரும்புகின்றன, மின்தடை இறங்குகிறது. வகுப்பறைப் படம் பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். அப்படத்தில் நீர் இராது.

காற்றில் திறந்து கிடக்கும் பரப்பிலோ நீர் முன்பே இடம் பிடித்திருக்கிறது. நீர் மூலக்கூறு பிளந்து, ஹைட்ராக்சில் தொகுதிகளாக வெள்ளீய அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. உணரி இயங்கும் சூட்டிலும் அவை முழுதாக அகல்வதில்லை. ஆக்சிஜன் அமர வேண்டிய இடங்கள் குறைய, வாயுவுக்கான துலக்கம் மங்குகிறது. போதாக்குறைக்கு, நீரின் இவ்வினையே எலக்ட்ரான்களை விடுவிப்பதால், மாசு ஏதுமின்றியும் மின்தடை இறங்கும். ஜூலை மாத மும்பையில் வைத்த கருவி மழையையே மாசாகக் காட்டக்கூடும். மே மாத ஜெய்ப்பூரில் அதே கருவி வேறு கதை சொல்லும்.

உற்பத்தியாளரின் தரவுத்தாளில் இது மறைக்கப்படவில்லை. வாயுவுக்கான வரைகோடு 20 டிகிரி செல்சியஸிலும் 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் வரையப்பட்டது என்பது அதிலேயே உள்ளது. 33, 85 விழுக்காடுகளுக்குத் தனி வரைகோடுகளும் உண்டு. மாணவர் பெரும்பாலும் முதல் படத்தை மட்டுமே எடுத்தாள்கின்றனர். கார்பன் டை ஆக்சைடின் நிலை இன்னும் மோசம். ஏற்கெனவே முற்றும் ஆக்சிஜனேற்றம் பெற்ற அம்மூலக்கூறிடம் அந்தப் பரப்புக்குத் திருப்பித் தர எலக்ட்ரான் இல்லை.

‘ஈரப்பதமானி ஒன்றைச் சேர்த்து, திருத்தக் காரணியால் பெருக்கிவிடலாமே’ என்பது வழக்கமான மறுமொழி. ஓரளவு உதவும், ஆனால் ‘திருத்தம்’ என்ற சொல்லே ஒரு தவறான படத்தைத் தருகிறது. ஈரத்தைக் கழித்தால் அடியில் தூய வாயு அளவு ஒன்று மிஞ்சும் என்று அது நம்ப வைக்கிறது. நீரும் வாயுவும் ஒரே இடங்களுக்குப் போட்டியிடும்போது ஒன்றன் விளைவு மற்றதன் அளவைச் சார்ந்தது. ஒற்றைப் பெருக்கெண்ணுக்கு அது அடங்காது. மேலும், ஈரமான நாள்களைக் கடந்த பரப்பு உடனே பழைய நிலைக்கு மீள்வதுமில்லை.

இதற்கான கோட்பாடு மாணவருக்குப் புதிதன்று. லாங்மியர் 1918இல் வெளியிட்ட பரப்புக் கவர்தல் சமன்பாட்டை முதலாண்டு வேதியியலில் மனப்பாடம் செய்தவர்களே இவர்கள். போட்டியிடும் இரு பொருள்களுக்கு அதை விரித்தெழுத ஒரு பக்கம் போதும். வேதியியல் துறையும் மின்னணுவியல் துறையும் வெவ்வேறு கட்டடங்களில் இருப்பதைத் தவிர வேறு தடை தெரியவில்லை.

செயல்திட்ட மதிப்பீட்டில் ஒரு சோதனையைக் கட்டாயமாக்கலாம். மூடிய பெட்டியில் உணரியையும் ஒரு கிண்ணம் நீரையும் வைத்து, வாயு எதுவும் செலுத்தாமல் ஒரு நாள் முழுதும் எண்ணைப் பதிவு செய்யட்டும். அந்த வரைகோடு அறிக்கையின் முதல் படமாக இருக்கட்டும்.